கடைக்காரருக்கு ஏற்ற சிறிய கார்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன்பு 28 சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் இருந்தன. நாலு மீட்டர் நீளத்துக்கு மிகாமலும், பெட்ரோல் என்றால் எஞ்சின் 1200 சி.சி.க்கு மிகாமலும் இருக்கும் கார்களுக்கு இந்தச் சலுகை. வரி குறைந்த நாளிலிருந்து நம் ஊர் மளிகைக் கடைக்காரர்கள் பலர் கார் யோசனையில் இறங்கியிருக்கிறார்கள். மண்டிக்குச் சரக்கு எடுக்க வருபவர்கள் துவரம் பருப்பு விலை கேட்டு முடித்ததும், அடுத்துக் கேட்பது "முதலாளி, எந்தக் கார் நல்ல கார்?" என்பதுதான். நின்ற நிலையில் ஒவ்வொருவருக்கும் சொல்வதைவிட நம் இதழில் விரிவாக எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

இந்தக் கேள்விக்கு ஷோரூமில் ஒரு பதில் கிடைக்கும். மெக்கானிக்கிடம் ஒரு பதில் கிடைக்கும். கணக்குப் பிள்ளையிடம் கேட்டால் வேறொரு பதில் வரும். நம்மவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே போகிறார்கள். முன்பணம் கட்டிய பிறகுதான் கணக்குப் பிள்ளையிடம் வருகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் கணக்கு, அடுத்து மெக்கானிக், கடைசியில்தான் ஷோரூம்.

கல்லாப் பணமும் கார்த் தவணையும்

மாதச் சம்பளக்காரர் கார் வாங்குவதும் கடைக்காரர் கார் வாங்குவதும் ஒன்றல்ல. அவருக்குச் சம்பளம் வந்தால் தவணை போகும், அவ்வளவுதான். நமக்கோ கல்லாவில் இருக்கும் பணம் நாளைக்கு மூட்டையாக மாற வேண்டிய பணம். அதில் ஒரு பகுதி சக்கரத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் அலமாரியில் ஒரு வரிசை காலியாகும்.

4 லட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 9.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 8,400 ரூபாய் கட்ட வேண்டும். மொத்த வட்டி 1,04,000 ரூபாய். அதே கடனை 7 ஆண்டுக்கு நீட்டினால் தவணை 6,540 ரூபாய் அளவுக்கு இறங்கும், வட்டியோ 1,49,000 ரூபாயாக ஏறும். தவணை குறைந்ததைக் காட்டித்தான் மேல் ரக மாடலை நம் தலையில் கட்டுகிறார்கள்.

இத்துடன் மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெட்ரோல் 2,500 ரூபாய், இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கென்று மாதம் 2,000 ரூபாய் எடுத்து வைப்பதாகக் கொண்டால், கூட்டுத்தொகை ஏறக்குறைய 13,000 ரூபாய். எல்லாச் செலவும் போக நூற்றுக்கு 5 ரூபாய் மிஞ்சும் கடையில் இந்த 13,000 ரூபாயைச் சம்பாதிக்க 2,60,000 ரூபாய்க்கு வியாபாரம் ஆக வேண்டும். மாதம் 8 லட்சம் வியாபாரமாகும் கடையென்றால், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு காருக்கே போகிறது. இந்தக் கணக்கைத் தங்கள் கடையின் உண்மையான எண்களை வைத்து ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். நாலில் ஒரு பங்குக்கு மேல் போனால் இன்னும் ஓராண்டு பொறுப்பது நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

வில்லியனூர்ப் பக்கம் நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு தம்பி. பதினைந்து நாளில் பணம் கட்டிவிடும் ஒழுங்கான கை. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, கடை ரொக்கத்திலிருந்தே முன்பணம் எடுத்துக் கார் வாங்கினார். கார் நல்ல கார்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பண்டிகைக்கு எண்ணெயும் மைதாவும் சர்க்கரையும் நிரப்ப வேண்டிய பணம் வாசலில் நின்றது. வந்த வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். நமக்கு வர வேண்டிய பாக்கி 15 நாளிலிருந்து 45 நாளாக நீண்டது. அடுத்த பொங்கல் வரை அவர் மீளவில்லை. அதே காரைத் தீபாவளி விற்றுமுதல் கைக்கு வந்தபின் வாங்கியிருந்தால் இத்தனை தொல்லை இல்லை.

தவணைத் தேதியையும் கேட்டு வாங்க வேண்டும். மாதக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் முதல் வாரத்தில்தான் பாக்கி தீர்ப்பார்கள். 3ஆம் தேதி தவணை என்றால் ஒவ்வொரு மாதமும் வங்கியில் பணம் இருக்காது; 10ஆம் தேதியை ஒட்டி வைத்துக்கொண்டால் நிம்மதி. வட்டியைச் சொல்லும்போது 'பிளாட்' வட்டியா, குறையும் பாக்கி மீதான வட்டியா என்று கேளுங்கள். 'வெறும் 6 சதவீதம்' என்று பிளாட் கணக்கில் சொன்னால், 5 ஆண்டுக் கடனில் அது உண்மையில் 11 சதவீதத்துக்கு நெருக்கமாக வரும். 4 லட்சத்துக்கு மாதத் தவணை 8,667 ரூபாய். மேலே சொன்ன 9.5 சதவீதத்தைவிட அதிகம்!

காரில் மூட்டை ஏற்றலாமா?

இதைக் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டுகிறோம். நம்மவர்களில் பெரும்பாலோர் கார் வாங்கும்போதே, 'வீட்டுக்கும் ஆச்சு, கடைக்கும் ஆச்சு' என்று கணக்குப் போடுகிறார்கள். பின் சீட்டை மடக்கினால் நாலு மூட்டை அரிசி போகும் என்பது உண்மைதான். ஆனால் தனியார் கார் இன்சூரன்ஸ் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு விடக்கூடாது என்பதோடு, மாதிரிகளும் சொந்தப் பயண மூட்டை முடிச்சுகளும் தவிரச் சரக்கு ஏற்றக்கூடாது என்றும் அதில் எழுதியிருக்கும். அரிசி மூட்டையோடு போகும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீட்டை மறுக்க கம்பெனிக்கு அந்த ஒரு வரி போதும்.

ஆகவே கடைச் சரக்குக்கு வண்டி தேவையென்றால் சரக்கு வாகனமாகப் பதிவான வண்டியைத்தான் வாங்க வேண்டும். 2005இல் வந்த டாடா ஏஸ் போன்றவை அதற்கென்றே உள்ளன. நம் தலைமுறைக் கடைக்காரர்களுக்குக் கை கொடுத்த மாருதி ஆம்னி 2019இல் நின்றுவிட்டது. அதன் இடத்தில் ஈக்கோ இருக்கிறது. அதில் ஆட்கள் போகும் வண்டியும் உண்டு, சரக்குக்கென்றே வரும் கார்கோ வண்டியும் உண்டு. எது வேண்டும் என்பதைப் பதிவுக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

வரியிலும் இந்த வேறுபாடு பெரிது. ஓட்டுநரைச் சேர்த்து 13 பேர் வரை அமரும் பயணிகள் வாகனத்துக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை மளிகை வியாபாரி இன்புட் கிரெடிட்டாக எடுக்க முடியாது. கடை பெயரில் பில் போட்டாலும் முடியாது. சரக்கு வாகனத்துக்கு எடுக்கலாம். வரியுடன் 5 லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டியில் வரி மட்டும் 76,000 ரூபாய்க்கு மேல். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு எதற்கும் இந்த வரவு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 'கடை பெயரில் வாங்குங்கள், வரியெல்லாம் திரும்பி வந்துவிடும்' என்று ஷோரூமில் யாராவது சொன்னால், அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தேய்மானம் மட்டும் வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதம் கிடைக்கும். முறையாகக் கணக்கு எழுதுபவர்களுக்கு மட்டுமே, அதுவும் வியாபாரத்துக்குப் பயன்பட்ட அளவுக்கு மட்டுமே. உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்பகமான கார் என்றால் என்ன?

வழியில் நிற்காத கார் என்று எல்லோரும் சொல்வார்கள். இன்றைக்கு வரும் புதிய கார்களில் எதுவும் முதல் மூன்று ஆண்டில் அநேகமாக வழியில் நிற்பதில்லை. எட்டாவது ஆண்டில் கிளட்ச் போனால் நம் ஊரிலேயே அதே நாளில் சாமான் கிடைக்கிறதா, அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கை இருக்கிறதா என்பதே கடைக்காரருக்கு நம்பகத்தின் அளவுகோல்.

இதற்குச் சாட்சியாகக் கடந்த நாற்பது ஆண்டுச் சரித்திரமே இருக்கிறது. சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரித்த கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்து ரோவருடையது, எஞ்சினோ பழைய ஸ்டாண்டர்டு எஞ்சின். நாலைந்து ஆண்டு தாங்கவில்லை. நம் ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்குப் பூஷோ, சித்ரோயன் என்ற பெயர்களில் ஒரு தனிப் பாசம் உண்டு. 1994இல் பிரீமியர் கம்பெனியோடு சேர்ந்து பூஷோ 309 வந்தபோது ஆசையாக வாங்கியவர்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சாமானுக்கு அலைந்தார்கள். 1998இல் வந்த டேவூ மாட்டிஸ் அருமையான சிறிய கார். கொரியாவில் தாய்க் கம்பெனியே 2000இல் திவாலானது. ஷெவர்லே 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் பெரிய ஆலை வைத்திருந்த போர்டு 2021 செப்டம்பரில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரகடத்தில் தயாரான டட்சன் 2022இல் முடிந்தது. போர்டு கார்களுக்குச் சர்வீஸும் சாமானும் தொடர்ந்து கிடைப்பது உண்மை. ஆனாலும் விற்கப் போனால் கேட்கும் விலை வேறு. இவையெல்லாம் மோசமான கார்கள் என்று நாம் சொல்லவில்லை. டாடா நானோவையே பாருங்கள். 2008இல் ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று உலகமே பேசியது, 2018இல் தயாரிப்பு நின்றது. விலை குறைவு என்பது மட்டும் ஒரு காரைக் காப்பாற்றுவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் மாருதி 800. 1983 டிசம்பரில் வந்தது, 2014 ஜனவரி வரை தயாரானது. முப்பது ஆண்டு! அதே 796 சி.சி. எஞ்சின் குடும்பம்தான் ஆம்னியிலும் பிறகு ஆல்டோவிலும் ஓடியது. நெல்லித்தோப்பிலோ முதலியார்பேட்டையிலோ எந்த ஒர்க்ஷாப்பிலும் அதைப் பிரிக்கத் தெரியாத பையன் கிடையாது.

ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு நாள் நம் ஊர் உதிரி பாகக் கடை ஒன்றுக்குப் போய், நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் காருக்குக் கிளட்ச் செட், முன் பம்பர், ஹெட்லைட், வீல் பேரிங், பக்கக் கண்ணாடி ஆகிய ஐந்துக்கும் விலை கேளுங்கள். 'இருக்கிறது', 'நாளைக்கு வரும்', 'சென்னைக்கு எழுதிப் போட வேண்டும்' என்று மூன்று விதமாகப் பதில் வரும். சரக்கு வாங்கி விற்கும் நமக்கு இந்தப் பதில்களின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சித்ரோயன் இப்போது திருவள்ளூர் மாவட்டத்திலேயே கார் தயாரிக்கிறது, 2022இல் சி3 வந்தது. ஓட்டிப் பார்த்தோம், பள்ளத்தில் மெத்தை போல் போகிறது. ஆசைப்படுபவர்கள் இந்த ஐந்து சாமான் சோதனையைச் செய்துவிட்டு ஆசைப்படலாம்.

நம் ஊருக்கென்று இரண்டு தொல்லைகள். ஒன்று உப்புக் காற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், முத்தியால்பேட்டைப் பக்கம் வெளியில் நிற்கும் கார்களின் கதவு அடியிலும் பின் சக்கர வளைவிலும் நாலைந்து ஆண்டில் துரு எட்டிப்பார்க்கும். ஷோரூமில் கூடுதலாகத் தலையில் கட்டும் சாமான்களில் பெரும்பாலானவை வேண்டாதவை. அடிப்பாகத்துக்கு அடிக்கும் துருத் தடுப்புப் பூச்சு மட்டும் நம் ஊருக்குத் தேவை. அதை வெளியிலும் அடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு நம் ஊர் அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்ப் பக்கம் கார்கள் மூழ்கி நின்றதை எல்லோரும் பார்த்தோம். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சாவியைத் திருப்பினால் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும், எஞ்சினே போகும். 'நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்' என்று சாதாரண பாலிசியில் பணம் மறுப்பார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி ஒன்று உண்டு. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அதை எடுத்தே தீர வேண்டும்.

கடைசியாக ஷோரூம்

2025 செப்டம்பர் வரிக்குறைப்பை ஒட்டிக் கம்பெனிகள் அறிவித்த தொடக்க விலை, ஷோரூம் கணக்கில், ஆல்டோ கே10 சுமார் 3.70 லட்சம், ரெனோ க்விட் 4.30 லட்சம், டாடா டியாகோ 4.57 லட்சம், வேகன்ஆர் 4.99 லட்சம். இவை அடிமட்ட மாடலின் விலை. சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்த்துக் கையை விட்டுப் போகும் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலைகள் அவ்வப்போது மாறும்.

ஆல்டோ சுமார் 3.53 மீட்டர் நீளம். வைசியாள் வீதி போன்ற இடங்களில் திண்ணை வீட்டு ஓரம் நிறுத்துபவர்களுக்கும், நேரு வீதி நெரிசலில் இடம் தேடுபவர்களுக்கும் அதுவே சௌகரியம். ஆனால் டிக்கி 214 லிட்டர்தான். வேகன்ஆர் 12 செ.மீ. மட்டுமே கூடுதல் நீளம், டிக்கி 341 லிட்டர். உயரமான கதவு, முழங்கால் வலியுள்ளவர்களும் வேட்டி கட்டியவர்களும் குனியாமல் ஏறி இறங்கலாம். (நம் வயதுக்காரர்கள் இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.) க்விட் சென்னைக்கருகே ஒரகடத்தில் தயாராகிறது.

பாதுகாப்பு பற்றியும் பேச வேண்டும். குளோபல் என்காப் மோதல் சோதனையில் டியாகோ 2020இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் வாங்கியது. 2023இல் ஆல்டோ கே10 இரண்டும், வேகன்ஆர் ஒன்றும் வாங்கின. 2025 முதல் இவ்விரண்டிலும் ஆறு காற்றுப் பைகள் வைக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் பை வேறு, வண்டியின் கூடு வேறு. நகருக்குள் மட்டும் 30, 40 வேகத்தில் போகிறவருக்கும், குடும்பத்தோடு மாதம் இருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகிறவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. இரண்டாமவருக்கு நாம் டியாகோவைத்தான் சொல்வோம், மேற்படி ஐந்து சாமானையும் விசாரித்துவிட்டு.

மைலேஜ் மயக்கம் ஒன்று இருக்கிறது. மாதம் 400 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் லிட்டருக்கு 18 கொடுத்தாலும் 20 கொடுத்தாலும் வித்தியாசம் இரண்டேகால் லிட்டர்கூட இல்லை. சி.என்.ஜி. வண்டிக்கு 90,000 ரூபாய் கூடுதல் என்றும், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்றும் வைத்தால், போட்ட பணம் திரும்ப 45,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நம் ஓட்டத்துக்கு அது ஒன்பது ஆண்டுக்கு மேல். சாதாரணமாகச் சிலிண்டர் டிக்கியையும் விழுங்கிவிடும். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், ஓட்டச் செலவும் குறைவு. ஆனால் வீட்டுக்குள் கார் நிற்க இடமில்லாதவர் தெருவில் ஒயர் இழுத்து சார்ஜ் போட முடியாது.

பதிவு விஷயத்தில் ஒரு வார்த்தை. புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் வெளியூர்க்காரர்கள் இல்லாத விலாசம் கொடுத்துப் பதிவு செய்து, 2017இல் கேரளத்தில் பெரிய வழக்கே நடந்தது. நம்மவர்களில் கோட்டக்குப்பத்திலோ கடலூரிலோ குடியிருந்து இங்கே கடை வைத்திருப்பவர்கள் உண்டு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அங்கும் வரி கட்ட நேரிடும். எங்கே வண்டி நிற்கிறதோ அங்கேயே பதிவு செய்வது உத்தமம்.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நம் குடும்பத்தில் கார் வாங்கியபோது ஒரு ஷோரூமில், 'இங்கே எடுத்தால்தான் டெலிவரி' என்று அடம்பிடித்தார்கள். எழுதிக் கொடுங்கள் என்றோம். எழுதவில்லை, வெளியே எடுத்த பாலிசியை ஏற்றுக்கொண்டார்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பகுதியை ஆண்டுதோறும் விலை விசாரித்து எடுக்கலாம்.

டிசம்பரில் தள்ளுபடி தருவார்கள். பத்து ஆண்டு வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். நாலு ஆண்டில் மாற்றுகிறவர், தயாரான மாதத்தையும் வருடத்தையும் பார்த்து, விற்கும்போது ஓராண்டு பழையதாக மதிப்பார்கள் என்பதைக் கழித்துக்கொண்டு பேரம் பேச வேண்டும்.

டெலிவரி நாளன்று நம்மவர்கள் நல்ல நேரத்தைப் பார்ப்பார்களே தவிர, வண்டியைப் பார்ப்பதில்லை. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக நிற்கும்போது, பெயிண்டில் கீறல் இருக்கிறதா என்று யார் குனிந்து பார்ப்பார்கள்? ஆகவே முதல் நாளே, பகல் வெளிச்சத்தில், பழக்கமான மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். சேஸிஸ் எண் பில்லில் உள்ளதுதானா, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், ஐந்து டயரும் ஒரே காலத்தில் தயாரானவையா, கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு தயாரிப்பா, தரை விரிப்புக்கு அடியில் ஈரம் உண்டா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே மீதிப் பணத்துக்குக் காசோலை எழுதுங்கள்.